யாரோ ஒருவரா, இன்னாரா? சமய நிறுவனரின் வரலாற்றுத் தேவை குறித்து

நேபாளத் தராய்ப் பகுதியில் நிகாலி சாகர் என்னும் குளக்கரையில் அசோகரின் கல்தூண் ஒன்று உடைந்து கிடக்கிறது. 1895இல் ஆய்வுலகின் பார்வைக்கு வந்த அத்தூணின் பிராமி எழுத்துகள், முடிசூடிய 14ஆம் ஆண்டில் அரசர் கோனாகமன புத்தரின் தூபியை இருமடங்காகப் பெருக்கியதையும், பின்னர் தாமே நேரில் வந்து வழிபட்டுத் தூண் நிறுத்தியதையும் சொல்கின்றன. மறு ஆண்டு அதே வட்டாரத்தில் லும்பினித் தூண் வெளிப்பட்டது. முடிசூடிய 20ஆம் ஆண்டில் அரசர் அங்கு வந்து வழிபட்டார், சாக்கியமுனியாகிய புத்தர் பிறந்த இடம் அதுவே, ஆகவே அவ்வூருக்கு வரி குறைக்கப்பட்டது என்பது அதன் செய்தி.

இரண்டாவது தூண் பாடநூல்களில் ஏறிவிட்டது. புத்தர் வரலாற்று மனிதர் என்பதற்கு அதையே சான்றாகக் காட்டுகிறோம். முதல் தூணைக் காட்டிக் கோனாகமனர் வரலாற்று மனிதர் என்று வாதிடுவார் எவருமில்லை. பாலி மரபின் புத்தவம்சம் அவருக்கு 30,000 ஆண்டு ஆயுள் கொடுக்கிறது. கோதமருக்கு முன் தோன்றிய 24 புத்தர்களுள் ஒருவராக அவரை வரிசைப்படுத்துகிறது. ஆக, ஒரே அரசர், ஒரே வகை எழுத்து, ஒரே வகைக் கல். ஒரே சாட்சியின் ஒரு வாக்குமூலத்தை ஏற்று மற்றொன்றைத் தள்ளிவிடுகிறோம். எந்த அளவுகோலைக் கொண்டு?

இந்தக் கேள்வியை அசோகரிடம் கேட்டிருந்தால் அவருக்கு விளங்கியிருக்காது என்றே நினைக்கிறேன். இருவரும் அவருக்குப் புத்தர்கள். இருவருக்கும் தூபியும் தூணும் உண்டு. ஒருவர் வாழ்ந்தவர், மற்றவர் புனைவு என்னும் பிரிவினை நம்முடையது. அதிலும் கடந்த 180 ஆண்டுகளுக்குள் உருவானது. ஒரு சமயத்தின் நிறுவனர் உண்மையில் வாழ்ந்தாரா என்பதும், அவர் வாழ்ந்திருக்க வேண்டுமா என்பதும் தனித்தனிக் கேள்விகள். முதலாவது வரலாற்றாசிரியருக்கு உரியது. இரண்டாவதற்கு விடை தேட அந்தச் சமயத்தின் அறிவுக் கோட்பாட்டுக்குள் போகவேண்டும். இரண்டையும் கலந்துவிட்டதால்தான் இத்துறையில் இவ்வளவு குழப்பம் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

முதலில் வரலாற்றுக் கேள்வியை முடித்துவிடலாம். 1844இல் யூஜீன் பர்னூஃப் நேபாளத்து வடமொழி ஏடுகளைக் கொண்டு பௌத்தத்தை இந்திய மண்ணில் ஒரு மனிதரிடமிருந்து தொடங்கிய வரலாறாக எழுதினார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் எச். எச். வில்சன் அந்த மனிதரையே ஐயுற்றார். சாக்கியமுனி கற்பனை உருவாக இருக்கக்கூடும் என்றார். 1875இல் எமில் செனார் புத்த சரிதம் முழுவதையும் சூரியத் தொன்மமாகப் படித்தார். ஹென்ட்ரிக் கெர்ன் அதே பாதையில் இன்னும் தொலைவு சென்றார். ஓல்டன்பெர்க் 1881இல் பாலி நூல்களை முன்வைத்து மறுமொழி சொன்னார். விவாதம் இந்தக் கட்டத்தில் இருந்தபோதுதான் லும்பினித் தூண் கிடைத்தது; 1898இல் பிப்ராவா தூபியிலிருந்து சாக்கியர்களையும் புத்தரின் எச்சங்களையும் குறிக்கும் எழுத்துள்ள பேழை வந்தது. ஐயம் அடங்கியது. வாதத்தில் தோற்று அடங்கியதென்று சொல்ல முடியாது. கல்லைக் கண்டதும் பேச்சு நின்றுபோயிற்று.

இந்த அகழ்வுக் கதையில் ஒரு கிளைக்கதையும் உண்டு. இரண்டு தூண்களோடும் பெயர் இணைந்த ஆலாய்ஸ் ஃப்யூரர், கோனாகமனரின் தூபியையே தாம் கண்டுவிட்டதாக விவரித்து நூலில் எழுதினார். அந்த விவரம் வேறிடத்துத் தூபிகளைப் பற்றிய கன்னிங்ஹாமின் நூலிலிருந்து எடுத்தது. 1899இல் பூர்ண சந்திர முகர்ஜி அப்பகுதியை ஆராய்ந்தபோது அப்படியொரு தூபி அங்கே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே, போலிப் புனித எச்சங்களைப் பர்மியத் துறவி ஒருவருக்கு விற்றது அம்பலமாகி ஃப்யூரர் பதவி இழந்திருந்தார். தூண்களின் எழுத்து மெய்யானது, அதில் ஐயமில்லை. ஆயினும் நிறுவனரின் தடயத்துக்காக அந்தக் காலம் எவ்வளவு தவித்தது என்பதற்கு இந்த மோசடியைவிடத் தெளிவான அடையாளம் கிடைக்காது.

2017இல் டேவிட் ட்ரூஸ் பழைய ஐயத்தைப் புதிய கருவிகளோடு எழுப்பினார். புத்தரைப் பற்றி ஒரேயொரு செய்தியைக்கூட எவரும் வரலாற்று உண்மையாக நிறுவவில்லை, ஆகவே வரலாற்றுப் புத்தர் என்று பேசவே ஆய்வாளருக்கு உரிமையில்லை என்பது அவர் வாதம். ஆஸ்கர் ஃபோன் ஹின்யூபர் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். என் கணிப்பு ஹின்யூபர் பக்கமே சாய்கிறது. ஆனால் தூண்களின் பலத்தால் அல்ல. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் லும்பினியில் ஒரு வழிபாடு இருந்தது என்பதற்கு மேல் தூண் எதையும் நிறுவாது. அதைவிட ஒரு படி கூடுதலாக நிறுவும் என்றால் கோனாகமனரையும் வரவேற்றாக வேண்டும். எனக்கு எடையுள்ளதாகப் படுவது, நிகண்ட நாதபுத்தர், மக்கலி கோசாலர் முதலிய போட்டி ஆசிரியர்களோடு ஒரே வட்டாரத்தில், ஒரே அரசர்களின் காலத்தில் கோதமரை நிறுத்தும் நூற்பரப்பு. அந்த நாதபுத்தரே மகாவீரர் என்று காட்டித்தான் ஹெர்மன் யாகோபி, சமணம் பௌத்தத்தின் கிளை என்ற கருத்தை உடைத்தார். எதிரிகளின் நூல்கள் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும் இந்த வலையைக் கோனாகமனருக்குக் காட்ட முடியாது. இது நிகழ்தகவு சார்ந்த முடிவு. உறுதி என்று சொல்லமாட்டேன்.

இனி இரண்டாவது கேள்வி. இங்கே கிறித்துவத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு எல்லாச் சமயங்களையும் அளப்பதே வழக்கமாகிவிட்டது. கிறித்துவத்தின் விடை தெளிவானது. கிறிஸ்து உயிர்த்தெழவில்லையென்றால் விசுவாசமே வீண் என்ற பொருளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். விசுவாச அறிக்கை பொந்தியு பிலாத்து என்னும் உரோம ஆளுநரின் பெயரைச் சொல்லி நிகழ்வைக் காலத்தில் ஆணியடித்து நிறுத்துகிறது. கிறிஸ்துவின் உடல் வெறும் தோற்றமே என்றவர்களைத் திருச்சபை தன் இளமையிலேயே விலக்கிவைத்தது. மீட்பு என்பது ஒரு நாளில், ஓர் ஊரில், ஒருவருக்கு நேர்ந்த ஒன்று. அந்த ஒருவர் இல்லையென்றால் மீட்பும் இல்லை. ஆகவேதான் புரூனோ பௌவரும், 1909இல் ஆர்தர் ட்ரெவ்ஸும் இயேசு வாழவேயில்லை என்று எழுதியபோது அது ஐரோப்பாவில் அவ்வளவு பெரிய அதிர்ச்சியானது. இன்றைய ஆய்வாளருள் மிகப் பெரும்பான்மையோர் அக்கருத்தை ஏற்பதில்லை.

1931ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில், வட்டமேசை மாநாட்டிலிருந்து திரும்பும் கப்பலில், காந்தி இதற்கு நேரெதிரான ஒன்றைச் சொன்னார். வரலாற்று இயேசுவில் தமக்கு என்றும் ஆர்வம் இருந்ததில்லை. அப்படியொருவர் வாழ்ந்ததேயில்லை என்று யாரேனும் நிறுவினாலும் மலைப்பிரசங்கம் தமக்கு மெய்யாகவே இருக்கும் என்பது அதன் சாரம். பெருந்தன்மையான கூற்று என்று பலரும் இதைப் பாராட்டுவதுண்டு. ஆனால் காந்தி இங்கே கிறித்துவத்தைக் கிறித்துவமாக ஏற்கவில்லை. நிகழ்வின் சமயத்தைத் தர்மத்தின் சமயமாக மாற்றிக்கொண்டு, மாற்றியதை ஏற்றார். கீதையின் கிருஷ்ணரிடமும் அவர் செய்தது இதையே. பவுலுக்கு அந்தக் கப்பலில் இடம் கிடைத்திருந்தால் கடுமையாக மறுத்திருப்பார்.

கிறித்துவத்தின் எதிர்முனையில் நிற்பது வேதத்தை ஆராயும் தத்துவ மரபான மீமாம்சை. வேதம் எவராலும் இயற்றப்படாதது. சொன்னவர் இல்லாததே அதன் பலம். மனிதருக்கு மறதி உண்டு, ஆசை உண்டு, பொய் உண்டு. சொன்னவரே இல்லாத சொல்லில் இந்தக் குறைகள் ஏறுவதற்கு வழியில்லை என்பது ஏழாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த குமாரிலரின் தருக்கம். இதே தருக்கத்தை அவர் பௌத்தர் மீது திருப்பியதுதான் சுவையானது. புத்தர் முற்றறிவினர் என்கிறீர்கள். ஒருவர் முற்றும் அறிந்தவர் என்று அறிய, அறிபவரும் முற்றறிவினராக இருக்கவேண்டாமா? புத்தர் பேசாமலே, அவர் சந்நிதியின் ஆற்றலால் சுவர்களிலிருந்தும் உபதேசம் எழுந்தது என்கிறீர்கள். அப்படியானால் அது புத்தரின் சொல்லா, ஏதோ ஒரு பிசாசின் சொல்லா என்று எப்படிப் பிரித்தறிவீர்கள்?

தமிழில் இந்தச் சண்டை நீலகேசியில் நடக்கிறது. வேதவாதச் சருக்கத்தில் சமணத் தலைவி, செய்தவர் இல்லாத நூல் என்னும் கோட்பாட்டைத் தாக்குகிறாள். அருகனின் வாக்கை அளவையாகக் கொண்டவர்களுக்கு ஆள் வேண்டும். நம்பத் தகுந்த ஆள், ஆப்தன். ஐரோப்பாவில் பைபிளை வரலாற்று ஆவணமாகப் படிக்கத் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, நிறுவனர் தேவையா என்ற கேள்வி இங்கே கூர்மையாக வாதிக்கப்பட்டிருக்கிறது. வாழ்ந்தாரா என்று கேட்காமல், எதற்காக அவர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

பௌத்தத்தின் விடை இந்த இரு முனைகளிலும் அடங்காது. ததாகதர்கள், அதாவது புத்தர்கள், தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் பொருள்களின் இயல்பு நிலைத்திருக்கிறது என்பது அங்குத்தர நிகாயத்தின் போதனை. அனைத்தும் நிலையற்றது என்பதைப் புத்தர் கண்டுபிடித்தார், உண்டாக்கவில்லை. இந்த அளவில் பார்த்தால் அவர் இல்லாமலே தம்மம் நிற்கும். ஆனால் பௌத்தம் பொருள்களின் இயல்பைச் சொல்வதோடு நின்றுவிடவில்லை. துக்கத்தை அழிக்க முடியும் என்றும் சொல்கிறது. முடியும் என்ற கூற்றுக்கு ஒரு நிகழ்வாவது சான்றாக வேண்டும். எவரும் நடந்திராத வழியை வழி என்று எப்படி அழைப்பது? பௌத்தத் தருக்க அறிஞர் தர்மகீர்த்தி புத்தரை அளவையாக நிறுவப் புகுந்தபோது சென்ற பாதை இதுதான். புழுக்களின் எண்ணிக்கை வரை அறிந்த முற்றறிவு தமக்கு வேண்டியதில்லை என்று அவர் தள்ளுகிறார். விடுதலைக்கு எதைக் கொள்ளவேண்டும், எதைத் தள்ளவேண்டும் என்று அறிந்து, கருணையால் அதை எடுத்துச் சொன்னவர் போதும். பல பிறவிகளில் பயின்ற கருணை எல்லையின்றி வளரக்கூடியது என்று காட்டுவதில்தான் அவருடைய உழைப்பு பெரும்பாலும் செலவாகிறது.

இந்தத் தருக்கத்தை இறுதிவரை கொண்டுபோனால் ஒரு முடிவு வருகிறது. பௌத்தத்துக்கு யாரோ ஒருவர் வேண்டும். அவர் சுத்தோதனரின் மகனாகத்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. அருகதர் ஒருவர் வழியின் முடிவை எட்டியிருந்தாலே வழி நடக்கத்தக்கது என்பது உறுதியாகிவிடும். கோனாகமனருக்குத் தூண் எழுப்பிய அசோகர் இந்தத் தருக்கத்துக்கு முரணாக எதுவும் செய்யவில்லை. இது வெறும் ஏட்டுத் தருக்கம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிராவஸ்திப் பக்கம் பயணம் செய்த சீனத் துறவி ஃபாஹியான், புத்தரோடு முரண்பட்டுப் பிரிந்த தேவதத்தரைப் பின்பற்றும் துறவிகள் அங்கே அப்போதும் இருந்ததாக எழுதியிருக்கிறார். அவர்கள் கடந்த காலப் புத்தர்கள் மூவருக்கும் பூசை செய்தார்கள். சாக்கியமுனிக்கு மட்டும் செய்யவில்லை. கோதமர் இல்லாத ஒரு பௌத்தம், அவர் உலவிய மண்ணிலேயே, அவருக்குப் பின் பல நூற்றாண்டுகள் உயிரோடு இருந்திருக்கிறது. தேவதத்தர் கதையைத் துரோகக் கதையாகவே கேட்டுப் பழகிய நமக்கு இந்தக் குறிப்பு இன்னும் கவனமாக யோசிக்க வேண்டிய ஒன்று.

அப்படியானால் கோதமரின் பெயர் எங்கே தவிர்க்க முடியாததாகிறது? சங்கத்தில். துறவிகளுக்கான விதித்தொகுப்பாகிய விநயத்தின் ஒவ்வொரு விதிக்கும் ஒரு பிறப்புக் கதை உண்டு: இன்ன துறவி இன்னது செய்தார், மக்கள் முணுமுணுத்தார்கள், பகவர் விதி வகுத்தார். தம்மம் உலகின் இயல்பாக இருக்கலாம். துறவி நண்பகலுக்குப் பின் உண்ணக்கூடாது என்பது உலகின் இயல்பு ஆகாது. விதித்தவர் ஒருவர் இல்லாமல் விதி நிற்காது. கொள்கைக்கு யாரோ ஒருவர் போதும், நிறுவனத்துக்கு இன்னார் வேண்டும் என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான்.

ஆனால் அந்த இன்னாரிடமிருந்து சொல் வந்து சேர்ந்த வழியைச் சங்கம் எப்படிச் சோதித்தது என்று பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது. மகாபரிநிப்பான சுத்தம் நான்கு பெருஞ்சோதனைகளைச் சொல்கிறது. பகவரின் வாயிலிருந்தே நேராகக் கேட்டேன் என்று ஒருவர் சொன்னாலும் உடனே ஏற்கவேண்டாம், மறுக்கவும் வேண்டாம். சுத்தத்தோடும் விநயத்தோடும் ஒப்பிட்டு, பொருந்தினால் ஏற்கவேண்டும். ஹதீஸ் மரபில் கேட்டவர், அவருக்குச் சொன்னவர், அவருக்கு முன் சொன்னவர் என்று ஆள்களின் சங்கிலியைச் சோதிக்கும் கலை பெரிதாக வளர்ந்தது. இங்கே உள்ளடக்கத்தின் ஒருமைப்பாடுதான் முதன்மைச் சோதனை. மூலசர்வாஸ்திவாத விநயம் இன்னும் ஒரு படி போகிறது. ஒரு சூத்திரம் எந்த ஊரில் சொல்லப்பட்டது என்று துறவிக்கு மறந்துபோனால் பெருநகரங்களுள் ஒன்றைச் சொல்லிக்கொள்ளலாம். அரசர் பெயர் மறந்தால் பிரசேனஜித், இல்லறத்தார் பெயர் மறந்தால் அநாதபிண்டதர். கிரகரி ஷோப்பன் இந்தப் பகுதியை எடுத்துக்காட்டியபோது, சிராவஸ்தியில் இத்தனை சூத்திரங்கள் நிகழ்ந்ததற்கான காரணத்தில் ஒரு பங்கு வெளிப்பட்டது. இடமும் ஆளும் இல்லாத சொல்லைச் சங்கம் ஏற்காது. ஆனால் அந்த இடமும் ஆளும் மெய்யாக இருந்தாக வேண்டும் என்று அது வற்புறுத்தவும் இல்லை. வரலாற்றின் வடிவம் அதற்குத் தேவைப்பட்டது. வரலாறு அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

இங்கே விவேகானந்தரின் வாதத்தைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. 1897இல் தமிழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில், பிற சமயங்கள் வரலாற்று மனிதர் ஒருவர் மீது கட்டப்பட்டவை, அவருடைய வரலாற்றுத் தன்மை தகர்ந்தால் கட்டடமே சரியும், வேதாந்தம் தத்துவங்கள் மீது நிற்பதால் அதற்கு அந்த ஆபத்து இல்லை என்று அவர் வாதிட்டார். கொள்கை அளவில் இதை மறுப்பது எளிதன்று. ஆனால் வேதாந்தத்துக்கும் மடங்கள் உண்டு. மடங்களுக்குக் குரு வரிசை உண்டு. ஆய்வாளர்கள் சங்கரரை எட்டாம் நூற்றாண்டை ஒட்டி வைக்க, சில மடங்களின் மரபு அவர் பிறப்பைக் கி.மு. 509 என்கிறது. தத்துவம் மட்டுமே போதுமென்றால் இந்தப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்காக இவ்வளவு ஏடுகளும் மறுப்பேடுகளும் எதற்கு? பீடத்தின் மூப்பு தத்துவத்திலிருந்து வருவதில்லை. மாணிக்கவாசகரை மூன்றாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோக மறைமலையடிகள் பெருநூல் எழுதினார். திருவாசகத்தை ஓதி உருகுபவருக்கு அந்த நூற்றாண்டு தேவைப்பட்டதில்லை. தமிழின் தொன்மையை நிறுவ முனைந்தவர்களுக்குத் தேவைப்பட்டது.

நிறுவனர் மெய்யாக வாழ்ந்தார் என்பது சமயத்தின் ஆயுளுக்கும் உத்தரவாதமில்லை. மக்கலி கோசாலர் வாழ்ந்தவர் என்பதில் ஆய்வாளருக்கு ஐயம் அரிது. பௌத்தரும் சமணரும் தனித்தனியே அவரை இகழ்ந்திருக்கிறார்கள். அவருடைய ஆசீவகம் தென்னகத்தில் 14ஆம் நூற்றாண்டு வரை எப்படியோ தாக்குப்பிடித்து மறைந்துபோனது என்று பாஷம் காட்டினார். மறுபக்கம், வனுவாட்டுவின் தன்னா தீவில் 1940ஐ ஒட்டி எழுந்த ஜான் ஃப்ரம் இயக்கத்துக்கு அந்தப் பெயரில் ஒருவர் இருந்தார் என்றே எவராலும் காட்ட முடியவில்லை. 1941இல் தாமே ஜான் ஃப்ரம் என்ற ஒருவரை அதிகாரிகள் கைதுசெய்தார்கள், நம்பிக்கை குலையவில்லை. இன்றும் ஆண்டுதோறும் பிப்ரவரி 15 அங்கே திருநாள்.

நவீன காலத்தில் புத்தரின் வரலாற்றுத் தன்மைக்கு ஏன் இவ்வளவு எடை ஏறியது என்பதைச் சொல்லாமல் இந்த விவாதம் முழுமையாகாது. ஐரோப்பியருக்கு அவர் பகுத்தறிவுள்ள ஆசிரியர். தங்கள் தொல்லைகளுக்கு ஒரு மாற்று. இந்தியாவில் காரணம் வேறு. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசர், புத்தரின் ஆதிவேதத்தைத் தமிழ் இலக்கியம், நிகண்டு, வழிவழிச் செய்தி, பண்டிகை வழக்கம் ஆகியவற்றிலிருந்து கட்டினார். ஓல்டன்பெர்க்கின் அளவுகோல்கள் அங்கே செல்லாது. அவருடைய புத்தர் ஒரு மக்கள் கூட்டம் இழந்த வரலாற்றின் முதல் ஏடு. அந்த ஏடு புனைவென்றால் இழப்பும் புனைவாகிவிடும்.

அம்பேத்கரிடம் இந்தத் தேவை மேலும் கூர்மையடைகிறது. அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில், புத்தர் தம் தம்மத்தில் தமக்கென்று எந்த இடமும் கேட்கவில்லை என்கிறார். அவர் மோட்சம் தருபவர் அல்லர், மார்க்கம் காட்டுபவர். இப்படிச் சொல்பவருக்கு நிறுவனரின் வாழ்க்கை பொருட்டாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நூலின் முதல் பகுதி முழுவதும் வாழ்க்கைதான். முதியவர், நோயாளி, பிணம் கண்டு துறந்த கதை அறிவுக்கு ஒவ்வாதென்று தள்ளி, ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் பூண்ட பகையை அந்த இடத்தில் வைக்கிறார். ட்ரூஸ் போன்றவர்கள் இதைச் சான்றில்லாத மாற்றம் என்பார்கள். வரலாற்று முறைப்படி அது சரியே. ஆனால் அம்பேத்கர் எதை எதிர்த்து எழுதினார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஊரும் குலமும் காலமும் இல்லாத புத்தரை யாரும் எடுத்து எங்கும் வைத்துவிடலாம். வைத்தும் இருக்கிறார்கள்: மாமல்லபுரத்து ஆதிவராகக் குகையின் பல்லவர் காலக் கல்வெட்டு திருமாலின் பத்து அவதாரங்களை எண்ணும்போது புத்தரையும் சேர்த்தே எண்ணுகிறது. அம்பேத்கருக்கு வரலாற்றுப் புத்தர் தேவைப்பட்டது தம்மத்தை நிறுவ அன்று. இந்த உள்வாங்கலைத் தடுக்க. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவர் மக்களோடு எடுத்துக்கொண்ட 22 உறுதிமொழிகளுள் ஐந்தாவது, புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்று நம்பமாட்டேன் என்பது.